நீர்வீழ்ச்சி ஊருக்குக் கொண்டுபோன போர்வை

யாழ்ப்பாணத்துக்குப் போகிறேன் என்று வாய்தவறிச் சொன்னாலே போதும், ஒஸ்லோவில் பாதித் தமிழருக்கு என் பெட்டியில் இடம் வேண்டும். சொக்லேட், மாத்திரை, பழைய போன் என்று பார்சல் பார்சலாக வந்து சேரும். போன ஒக்டோபரில் நானும் கணவரும் விக்டோரியா நீர்வீழ்ச்சி பார்க்க ஸாம்பியாவுக்குப் புறப்பட்டபோது ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. பெட்டி பாதி காலியாகக் கிடந்தது எனக்கு என்னவோ போல் இருந்தது.

அதனால் முதியோர் இல்லச் சமையலறையில் என்னோடு வேலை செய்பவளிடம், வீட்டுக்கு ஏதாவது அனுப்ப வேண்டுமா என்று நானாகவே கேட்டேன். அவள் அந்த நீர்வீழ்ச்சி ஊர்க்காரி. தாய் இறந்து மூன்று வருடம். சந்தையில் கருவாடு விற்கும் அக்கா மட்டும் இருக்கிறாள். தங்கை செத்தவீட்டுக்கு வரவில்லை என்று அவள் அன்றிலிருந்து இவளோடு பேசுவதில்லை. உண்மையில் இவள் அப்போது விசாவைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தாள். முடிவு வருமுன் நாட்டை விட்டுப் போனால் திரும்பி வருவது சந்தேகம். அதைச் சொல்ல வெட்கப்பட்டு, லீவு கிடைக்கவில்லை என்று வீட்டுக்குப் பொய் சொல்லிவிட்டாள். "நீயும் சொல்லிவிடாதே" என்று என் கையைப் பிடித்துக் கேட்டாள். ஓம் என்றேன்.

யாருடைய பார்சலையும் பிரித்துப் பார்க்காமல் நான் பெட்டியில் வைப்பதில்லை. அக்காவுக்கென்று அவள் தந்த பார்சலுக்குள் ஒரு கம்பளிப் போர்வை. தாய்க்கென்று வாங்கி வைத்தது, விலைச்சீட்டும் கழற்றவில்லை.

நீர்வீழ்ச்சி எங்களை நன்றாக ஏமாற்றியது. கணவருக்குப் பள்ளிக்கூடத்தில் வேலை, இலையுதிர்கால விடுமுறையில்தான் போகமுடியும். அந்த மாதத்தில் ஸாம்பியாப் பக்கம் தண்ணீர் வற்றிவிடும் என்பதை இருவரும் விசாரிக்கவில்லை. மூன்று விமானம் மாறிப் போய், மழைக்கோட்டும் கையுமாக நின்றால், முன்னால் வெறும் கரும்பாறை. எல்லைக்கு அந்தப் பக்கம், சிம்பாப்வேயில், நன்றாகவே கொட்டிக்கொண்டிருந்தது.

"இதுக்கோ இவ்வளவு தூரம் வந்தனாங்கள்?" என்றார் கணவர்.

"நீங்கள்தானே டிக்கட் போட்டனீங்கள்?" என்றேன்.

மறுநாள் சந்தைக்குப் போனோம். நெத்தலி மாதிரிச் சின்னக் கருவாடு வரிசை வரிசையாகக் குவிந்திருந்தது. அக்காவைக் கண்டுபிடிக்கக் கஷ்டப்படவில்லை, தங்கையின் அதே அகன்ற நெற்றி. பார்சலை நீட்டி, யார் தந்தது என்று சொன்னதும் அவள் முகம் மாறியது.

"அம்மாவுக்கு மண் போட வராதவளுடைய சாமான் எனக்கு வேண்டாம்" என்றாள் ஆங்கிலத்தில். "திரும்பக் கொண்டுபோ." பிறகு வேறு யாருக்கோ கருவாடு அளக்கத் தொடங்கினாள்.

கணவர் என் கையைப் பிடித்தார். "சரி, விடும். வாரும் போவம்."

எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. என் அப்பா இறந்தபோது நானும் போகவில்லை. அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வராமல் ஒரு அறைக்குள் இருந்து அழுதேன். ஊரில் அண்ணன் இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறார். கொடுத்த வாக்காவது மண்ணாங்கட்டியாவது, எல்லாவற்றையும் அவளிடம் கொட்டிவிட்டேன். விசாவைச் சொன்னேன், லீவு என்ற பொய்யைச் சொன்னேன், செத்தவீட்டன்று தங்கை உருளைக்கிழங்கு உரித்தபடியே அழுததையும், பார்சலில் இருப்பது தாய்க்கென்று வாங்கிய போர்வை என்பதையும் சொன்னேன்.

அளந்துகொண்டிருந்த கை நின்றது. பார்சலை வாங்கிப் பிரித்தாள். விலைச்சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

தகரக் கூரையின் கீழ் எங்களுக்கு வேர்த்து ஊற்றியது. அவள் அந்தக் கம்பளிப் போர்வையைத் தோளில் இழுத்துப் போர்த்திக்கொண்டு கருவாட்டுக் குவியலுக்குப் பின்னால் குந்தியிருந்தாள். வாங்க வந்தவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். சொன்னது பிழையோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் தன் போனை என்னிடம் நீட்டினாள்.

"அவளுடைய நம்பரை அழித்துவிட்டேன்" என்றாள். "நீ போட்டுத் தா."