தப்பாய்ப் போட்ட கணக்குகள்

என் மகளும் அவள் அம்மாவும் கிள்ளானில் இருக்கிறார்கள். நான் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாடகை அறையில் இருக்கிறேன். மணமுறிவுக்குப் பிறகு அப்படித்தான் அமைந்தது. ஞாயிற்றுக்கிழமை, அதுவும் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், மகளைப் பார்க்கலாம். கொமுட்டர் ரயிலில் போவேன். ஏதாவது ஒரு பேரங்காடியில் சுற்றுவோம், சாப்பிடுவோம், மாலையில் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவேன்.

மற்ற நாட்களிலும் வீடியோவில் பேசிக்கொள்கிறேனே என்று அவள் அம்மாவிடம் கேட்டேன். சும்மா பேசினால் பிள்ளையின் படிப்பு கெடும், பாடம் சொல்லிக்கொடுப்பதாக இருந்தால் பேசலாம் என்றாள். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. பெற்ற பிள்ளையோடு பேச எனக்கு ஒரு காரணம் வேண்டுமா? ஆனால் கோபப்பட்டுக் கோபப்பட்டுத்தானே இந்த ஒற்றை அறைக்கு வந்து சேர்ந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு சரி என்றேன்.

இப்படியாக நான் கணக்கு வாத்தியார் ஆனேன். என் பழைய வாத்தியார்கள் கேட்டால் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள். கணக்குப் பாடம் தொடங்கியதும் கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்டவன் நான்.

மகள் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு. பள்ளியில் ஒரு கணக்குச் செயலியைச் சொல்லியிருந்தார்கள். கிள்ளானில் அவள் டேப்லட்டில் திறந்தால் இங்கே என் மடிக்கணினியிலும் அதே கணக்கு தெரியும், மூலையில் அவள் முகமும் தெரியும். சரியான விடைக்கு ஓர் ஆமை நடனமாடும். தப்பென்றால் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ளும். ஒவ்வொரு தப்புக்கும் கூடுதலாக ஒரு கணக்கு வரும். எல்லாம் முடிந்தால் பாடம் முடிந்தது, டேப்லட்டை அம்மாவிடம் கொடுத்துவிட வேண்டும்.

பங்சாரில் அலுவலகம் விட்டதும் மோட்டார் சைக்கிளில் பறப்பேன். மழை கொட்டினால் மற்றவர்கள் மேம்பாலத்தடியில் ஒதுங்குவார்கள். நான் நனைந்துகொண்டே போவேன். ஈரச் சட்டையோடு மடிக்கணினியின் முன்னால் உட்கார்ந்தால், "அப்பா, மொதல்ல தலையைத் துவட்டுங்க" என்பாள். நாள் முழுக்க என்னிடம் அக்கறையாகச் சொல்லப்படும் வாக்கியம் அது ஒன்றுதான்.

வகுத்தல் வந்ததும் அவள் தடுமாற ஆரம்பித்தாள். கணக்குக்குக் கணக்கு தப்பு. ஆமை வெளியே தலைகாட்டவே இல்லை. என் மூளைதான் பிள்ளைக்கும் வந்துவிட்டதோ என்று பயந்தேன். மதிய இடைவேளையில் சோற்றைப் பிசைந்தபடியே, வகுத்தலைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லித்தருவது என்று வீடியோக்களாகப் பார்த்தேன். ஒருநாள் எண்ணெயில் பொரித்த வாழைப்பழம், பீசாங் கோரேங், ஒரு பொட்டலம் வாங்கிவந்து, கேமராவுக்கு முன்னால் தட்டுத்தட்டாகப் பங்கு வைத்துக் காட்டினேன். கேமரா முழுக்க எண்ணெய்க் கறை. அவள் சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து சரிந்தாள். அன்றைக்கும் விடை தப்புதான்.

பிறகு ஒரு மாலை நான் அழைத்தபோது இணைப்பு தானாகவே கிடைத்துவிட்டது. அது அவளுக்குத் தெரியவில்லை. டேப்லட் மல்லாக்கக் கிடந்திருக்க வேண்டும், திரையில் மின்விசிறி மட்டும் சுற்றியது. ஏதோ ஒரு சிறுமிக்கு யாரோ பாடம் சொல்லிக்கொடுக்கும் குரல் கேட்டது. என் மகளின் குரல்தான்.

"ஐம்பத்தொன்பதை எட்டால வகுக்கணும். ஏழெட்டு ஐம்பத்தாறு. மிச்சம் மூணு. அவ்வளவுதான் லா, ஈசி."

தடுமாற்றமே இல்லை. எனக்குக்கூட அவ்வளவு வேகமாக வராது. அந்தச் சிறுமி விடைபெற்றுப் போனாள். டேப்லட் நிமிர்ந்தது. என்னைக் கண்டதும் மகள் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டாள்.

"அப்பா, மிச்சம் எப்படி வருதுன்னே எனக்குப் புரியலப்பா."

தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு எழுந்துபோய்க் கதவுக்குப் பின்னால் நின்று அழுதேன். ஒவ்வொரு தப்புக்கும் ஒரு கணக்கு கூடும், ஒவ்வொரு கணக்குக்கும் அப்பா கொஞ்சநேரம் கூடுதலாக இருப்பார். பிள்ளை போட்ட கணக்கு அது. முகம் கழுவி வந்து, மிச்சம் எப்படி வருகிறது என்று முதலிலிருந்து விளக்கினேன். அவளும் ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டுக்கொண்டாள். அதன்பின் வந்த மாலைகளில் இருந்ததைப் போல நான் என் வாழ்நாளில் சந்தோஷமாக இருந்ததில்லை. அப்பனும் மகளும் தேர்ந்த நடிகர்கள்.

அந்தச் செயலி வாராவாரம் அவள் அம்மாவின் கைப்பேசிக்கு அறிக்கை அனுப்புகிறது என்பதை இருவருமே நினைத்துப் பார்க்கவில்லை.

அவள் அம்மா என்னை அழைத்தாள். குரலில் சண்டை இல்லை, கவலைதான் இருந்தது. பிள்ளை வகுத்தலில் இவ்வளவு பின்தங்கியிருக்கிறாள், இப்படியே விடமுடியாது, தினமும் மாலையில் டியூஷனுக்கு அனுப்பப்போகிறேன் என்றாள். அது எங்கள் நேரம். உண்மையைச் சொல்லலாமா என்று நாக்கு வரைக்கும் வந்தது. சொன்னால் பிள்ளைக்குப் பொய்க்காரி என்ற பெயர் வரும், பொய் சொல்லப் பழக்கியதும் நான்தான் என்று ஆகும். ஒரு வாரம் பொறுத்துப் பார்க்கச் சொல்லிக் கெஞ்சினேன். அவள் ஒப்புக்கொண்டாள். கெட்டவள் இல்லை அவள். எங்கள் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் மகளிடம் தாழ்ந்த குரலில், இனிமேல் எல்லாவற்றையும் சரியாகப் போட வேண்டும், இல்லாவிட்டால் டியூஷன் வந்துவிடும், அப்பாவோடு பாடம் இருக்காது என்றேன். அவள் வேண்டுமென்றே தப்பாய்ப் போட்டது எனக்குத் தெரியும் என்பதும் அப்போது அவளுக்குப் புரிந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு தலையாட்டினாள்.

அந்த வாரம் அவள் கணக்குப் போட்ட அழகை என்னவென்று சொல்வேன்! ஒரு தப்பில்லை. வகுத்தல் முடிந்து பின்னம், பின்னம் முடிந்து அடுத்த பாடம், எனக்கே தெரியாததெல்லாம் போட்டாள். டியூஷனை விரட்டுகிறோம் என்ற வேகம். நான் கைதட்டிக்கொண்டே இருந்தேன்.

வாரக் கடைசியில் அவள் அம்மா திரைக்குள் எட்டிப் பார்த்தாள். நெடுநாளைக்குப் பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"ரிப்போர்ட் பார்த்தேன். எல்லாமே சரி. தேங்க்ஸ், நல்லா சொல்லிக்குடுத்திருக்கீங்க. டியூஷனும் வேணாம், எதுவும் வேணாம். இனிமே அவளே படிச்சிக்குவா. நீங்களும் தினம் மழையில ஓடிவந்து கஷ்டப்பட வேணாம்."

மனதாரத்தான் சொன்னாள். மகள் சட்டென்று, இல்லை, எனக்கு இன்னும் சரியாக வராது என்றாள். அவள் அம்மா சிரித்துக்கொண்டே அவள் தலையைத் தடவினாள். எல்லாவற்றையும் சரியாகப் போட்டுவிட்டு என்ன வராது என்று கேட்டபடி டேப்லட்டுக்குக் கை நீட்டினாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். பாடத்தைத் தவிர வேறெதையும் சொல்ல எனக்கு அனுமதி இருந்ததில்லை, பாடமும் முடிந்துவிட்டது.

மகள் டேப்லட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அழவில்லை. என்னையே பார்த்தாள்.

"அப்பா, நீங்கதானே சரியாப் போடச் சொன்னீங்க" என்றாள்.