பதினைந்தாவது பிழை

எங்கள் ஆபீஸில் அவரை முகத்துக்கு நேரே அக்கா என்போம். முதுகுக்குப் பின்னால் சல்லடை. நாங்கள் எழுதும் புரோகிராமில் என்ன தப்பு இருக்கிறது என்று தேடிப் பிடிக்கிற டெஸ்டர் வேலை அவருக்கு. பத்தொன்பது வருஷமாக அதையேதான் செய்தார். ஹோட்டலுக்குப் போனால்கூட மெனு கார்டில் எழுத்துப்பிழையைக் காட்டிவிட்டுத்தான் ஆர்டர் கொடுப்பார். புரோகிராமர்களுக்கு அவரைக் கண்டால் ஆகாது. எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே ஆகாது, ஏனென்றால் அவர் பிடிப்பதில் பாதி என்னுடையது.

மருத்துவமனைகளுக்கு மென்பொருள் செய்யும் சின்ன கம்பெனி எங்களுடையது. போன வருஷம் அரசாங்கம் ஒரு திட்டம் கொண்டுவந்தது. ஐ.டி. கம்பெனிகளில் உற்பத்தித்திறனை உயர்த்த மானியம்; புதுக் கம்ப்யூட்டர், புதுக் கருவிகள், பயிற்சி எல்லாவற்றுக்கும் உதவி. திட்டத்தைக் குறை சொல்ல மாட்டேன். அது இல்லையென்றால் நாங்கள் இன்னும் பழைய பெட்டிகளோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருப்போம். நிபந்தனை ஒன்றுதான். முதல் மாதம் ஒவ்வொருவரும் செய்யும் வேலையை எண்ணுவார்கள்: புரோகிராமர் என்றால் முடித்த பிழைகள், டெஸ்டர் என்றால் பிடித்த பிழைகள். ஆறு மாதம் கழித்து மறுபடி எண்ணுவார்கள். ஒவ்வொருவர் கணக்கும் கால் பங்காவது ஏறியிருக்க வேண்டும். ஏறாத ஆளை வைத்துக்கொண்டிருந்தால் மானியத்தின் இரண்டாம் பகுதி வராது.

எங்கள் மேனேஜர் லேசுப்பட்டவர் அல்ல. எண்ணிக்கை தொடங்குமுன் எல்லோரையும் கூப்பிட்டு, இந்த ஒரு மாதம் மட்டும் ஆற அமர வேலை செய்யுங்கள் என்றார். சொன்னால் கேட்கிற பிள்ளைகள் நாங்கள். டீயை ஊதி ஊதிக் குடித்தோம். என்னிடம் வந்த பிழைகளுக்கெல்லாம் 'என் மெஷினில் இது வரவில்லை' என்று எழுதிப் போட்டுவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன்.

அக்காவால் மட்டும் அது முடியவில்லை. தப்பைப் பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி இருக்க அவருக்குத் தெரியாது. நாங்கள் அரைத்தூக்கத்தில் இருந்த அந்த மாதத்தில் அவர் அறுபத்தொரு பிழைகளைப் பிடித்துப் பதிவு செய்தார். ஆறு மாதம் கழித்து எண்ணியபோது ஐம்பத்தெட்டு. எல்லோருக்கும் ஏற்றம், என் கணக்கு இரட்டிப்பு. அவருக்கு மட்டும் இறக்கம்.

அவர் கணவர் வேலை பார்த்த அச்சகம் மூடி ஒரு வருஷம் ஆகியிருந்தது. மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. நாற்பத்தேழு வயதில் தனக்கு இனி யார் வேலை கொடுப்பார்கள் என்று அவர் ஒருமுறை சாப்பிடும்போது சொன்னார்.

மேனேஜர் ஒரு வழி சொன்னார். முதல் மாதக் கணக்கைக் குறைத்துவிட்டால் போதும். சரிசெய்து முடித்த பிழைகளில் கை வைக்க முடியாது. இன்னும் சரிசெய்யாமல் கிடப்பவற்றை 'இது பிழையே அல்ல' என்று அக்காவே குறித்துவிட்டால், அவை கழிந்துவிடும். அப்படிக் கிடந்தவை பதினைந்து. பதினைந்தும் கழிந்தால்தான் கால் பங்கு ஏற்றம் வரும்.

பதினான்கு வெறும் சில்லறை விஷயங்கள்: பட்டனின் நிறம், கோணலான கட்டம். பதினைந்தாவது அப்படி அல்ல. குழந்தையின் எடையைப் போட்டால் மருந்தின் அளவைச் சொல்லும் புதுப் பக்கம் அது. எங்கள் மென்பொருளின் அடுத்த பதிப்பில் வரவிருந்தது. நர்ஸ் ஒரு குழந்தையின் விவரத்தைச் சேமிக்காமல் அடுத்த குழந்தைக்குப் போனால், முந்தைய குழந்தையின் எடை அங்கேயே நின்றுவிடும். எழுதியவன் நான். அக்கா விளக்கியிருந்ததை முழுதாகப் படிக்காமல் 'என் மெஷினில் வரவில்லை' என்று போட்டவனும் நான்தான்.

இரண்டு நாள் அவர் அந்தப் பதினைந்தையும் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தார். மூன்றாம் நாள் பதினைந்தையும் குறித்துவிட்டார். அவருக்கும் ஒரு யோசனை இருந்தது. கணக்கெடுப்பு முடிந்த மறுநாளே அந்த எடைப் பிழையைப் புதிதாகப் பதிவு செய்துவிடலாம். வேலையும் தங்கும், பிழையும் தங்காது.

சொன்னபடியே மறுநாள் பதிவு செய்தார். அது என்னிடம் வந்தது. கணக்கெடுப்பு முடிந்தும் எண்ணுகிற பழக்கம் எங்களை விட்டுப் போயிருக்கவில்லை. அன்றைக்குள் முப்பதை முடித்துவிட வேண்டும் என்று பறந்துகொண்டிருந்தேன். மானியத்தில் வந்த புதுக் கருவி மேலே ஒரு வரி காட்டியது: இது முன்பே பதிவானது, பதிவு செய்தவரே பிழை அல்ல என்று மூடியுள்ளார். அதற்குமேல் நான் படிக்கவில்லை. மூடிவிட்டேன். அந்த வாரமே புதுப் பதிப்பு ஒன்பது மருத்துவமனைகளுக்குப் போனது.

திங்கட்கிழமை அக்கா என் மேசைக்கு வந்தார்.

"தம்பி, அந்த எடை விஷயத்தை மூடிட்டீங்களே, படிச்சுப் பாத்தீங்களா?"

"நீங்களே பிழை இல்லன்னு போட்டிருந்தீங்களேக்கா."

"ஆமா," என்றார். "நான்தான் போட்டேன்."

நேரே மேனேஜரிடம் போனார். இப்போது பதிப்பைத் திரும்ப வாங்கினால் கணக்கெடுப்பையே கிளறுவார்கள், மூன்று மாதத்தில் அடுத்த பதிப்பு வரும், அதுவரை பொறுங்கள் என்றார் அவர். அக்கா மாடிப்படியில் உட்கார்ந்து ஒவ்வொரு மருத்துவமனையாகப் போன் போட்டார். தலைமை நர்ஸைக் கூப்பிடச் சொல்லி, எடையை ஒவ்வொரு தடவையும் சரிபார்க்கும்படி கேட்டுக்கொண்டார். தன் பெயரையும் சொன்னார். ஒன்பதுக்கும் பேசி முடிப்பதற்குள் ஒரு மருத்துவமனையிலிருந்து மேனேஜருக்கே போன் வந்துவிட்டது.

சாயங்காலம் அக்கா அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு என் பக்கம் வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"சேவ் பண்ணாம அடுத்த குழந்தைக்குப் போய்ப் பாருங்க, தம்பி. வந்துரும்."

அவர் போனபிறகு செய்து பார்த்தேன். முதல் தடவையிலேயே வந்தது. ஏழு கிலோ குழந்தையின் பெயருக்கு நேராகப் பத்தொன்பது கிலோ என்று நின்றது. யாரையும் கேட்காமல் சரிசெய்து ஒன்பது இடங்களுக்கும் அனுப்பினேன். சரிசெய்யப் பதினோரு நிமிஷம் ஆனது. அன்றைக்கு என் கணக்கில் ஒன்று ஏறியது.