பெஞ்சில் கற்ற நீச்சல்

அந்தச் சலவைக் கூடத்தில் அவளுக்கு மடிப்பக்கா என்று பெயர். ஓட்டல்களிலிருந்து மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் படுக்கை விரிப்புகள் துவைக்கப்பட்டு, இஸ்திரி போடும் உருளை இயந்திரத்துக்குள் நுழைந்து, சூடு பறக்க வெளியே வரும். இந்தப் பக்கம் மடிப்பக்கா, எதிரில் இன்னொருத்தி. ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்துப் பின்னால் நகர்ந்து ஓர் உதறு, முன்னால் வந்து கையோடு கை சேர்த்து ஒரு மடிப்பு, மறுபடி பின்னால். மடிப்பக்கா கை பட்ட விரிப்பில் முனையும் முனையும் அச்சடித்த மாதிரி பொருந்தும். அதில் அவளுக்குப் பெருமையும் கிடையாது, அலுப்பும் கிடையாது. பல் தேய்க்கிற மாதிரி அதுவும் ஒரு வேலை.

எதிர்முனையைப் பிடிக்கிறவளுக்கு ரேடியோ என்று பெயர். காரணம் சொல்ல வேண்டியதில்லை. ரேடியோவுக்குப் பாட்டு பிடிக்கும், பூச்செடி பிடிக்கும், அடுத்த வீட்டுச் சண்டை என்றால் உயிர். ஒருநாள், "உங்களுக்கு என்னக்கா பிடிக்கும்?" என்று கேட்டு வைத்தாள்.

மடிப்பக்கா யோசித்தாள். ஒரு விரிப்பு வந்தது. அடுத்ததும் வந்தது.

"அவருக்கு மீன் பிடிக்கும். சின்னவளுக்கு உருளைக்கிழங்கு," என்றாள்.

"கிழிஞ்சது போங்க!" என்று ரேடியோ கையிலிருந்த முனையை நழுவவிட்டுச் சிரித்தாள். மடிப்பக்காவும் கூடச் சிரித்தாள். ஆனால் அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அந்தக் கேள்வி காலில் தைத்த முள் மாதிரி உறுத்திக்கொண்டே வந்தது.

பிடித்தது என்று ஒன்று இல்லாமல் இல்லை. சின்ன வயதில் அண்ணன்கள் நீந்தப் போனால், கரையில் உட்கார்ந்து அவர்களுடைய சட்டைகளைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. காற்று தூக்கிக்கொண்டு போகாமல் மேலே கல் வைப்பாள். "நானும் வரட்டுமா?" என்று ஒரு தடவை கேட்டாள். "அப்புறம் சட்டையை யாரு பாத்துக்கிறது?" என்றான் பெரியண்ணன். நியாயமான கேள்வி என்றுதான் அவளுக்கும் பட்டது. ஒரு பெண்ணைக் காலமெல்லாம் கரையில் உட்கார வைக்க அடி, உதை, அதட்டல் எதுவும் வேண்டாம்; இப்படி ஒரு நியாயமான கேள்வி போதும். அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை. கல்யாணமானது, பிள்ளைகள் பிறந்தார்கள், பெரியவன் வேலைக்கென்று வெளியூர் போய்விட்டான்.

சின்னவளுக்கு மூச்சிரைப்பு. டாக்டர், "நீச்சல்ல சேர்த்து விடுங்க, நெஞ்சு பலப்படும்," என்றார். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்த வீட்டுக்காரர், "நீயே கூட்டிட்டுப் போயிடும்மா, எனக்கு டூட்டி சரியா இருக்கும்," என்று ஒதுங்கிக்கொண்டார். அப்படித்தான் வேலை முடிந்த கையோடு மகளை இழுத்துக்கொண்டு நீச்சல் குளத்துக்குப் போக ஆரம்பித்தாள்.

கூரை போட்ட குளம். குளோரின் வாடை வாசலிலேயே மூக்கைப் பிடிக்கும். சுவரோரமாக நீளமான சிமெண்ட் பெஞ்ச், அதில் வரிசையாக அம்மாக்கள், மடியில் துண்டு, கையில் போன். கழுத்தில் விசில் தொங்கவிட்ட பயிற்சிக்காரப் பெண்ணுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் விசில் மிஸ். நேரம் முடிந்து விசில் அடித்தால் பிள்ளைகள் குளத்தோரக் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, "மிஸ், இன்னும் கொஞ்ச நேரம் மிஸ்!" என்று அழாத குறையாகக் கெஞ்சும். சின்னவள் மட்டும் கெஞ்ச மாட்டாள். விசில் வாய்க்குப் போவதற்குள் அவள் கரையேறி நிற்பாள். மகள் தப்பித்து வருவதைப் பார்க்கும்போதெல்லாம் மடிப்பக்காவுக்குக் கோபம் வரும். இருக்க விடுகிறார்கள், இருந்தால் என்னவாம்?

ஒரு சாயங்காலம் கடைசி வரிசையில் ஒரு பெண் நீந்திக்கொண்டிருந்தாள். மடிப்பக்கா வயதுதான் இருக்கும், உடம்பும் அதே மாதிரி பருத்த உடம்பு. நடந்தால் மூச்சு வாங்குகிற அந்த உடம்பு தண்ணீரில் ஒரு அவசரமும் இல்லாமல் போனது. ஒரு கை முன்னே போகும், மறு கை பின்னே தள்ளும், முகம் பக்கவாட்டில் திரும்பி வாய் திறந்து மூச்சை வாங்கிக்கொண்டு மறுபடி தண்ணீருக்குள் போய்விடும். அந்த முனை வரைக்கும் போனாள், திரும்பி வந்தாள், மறுபடியும் போனாள். மடிப்பக்கா கண் கொட்டாமல் பார்த்தாள். மடியிலிருந்த துண்டு நழுவி விழுந்ததுகூடத் தெரியவில்லை. இது பொறாமை என்று நினைத்துத் தன்னையே திட்டிக்கொண்டாள். பொறாமை இல்லை. ஆசை. இத்தனை வருஷத்தில் வேறு யாருக்காகவும் இல்லாமல் தனக்கென்று வந்த ஆசை என்பதால் அவளுக்கு அடையாளம் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அதற்கப்புறம் அந்தப் பெஞ்சில் போனைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரே அம்மா அவள்தான். விசில் மிஸ் பிள்ளைகளுக்குச் சொன்னதையெல்லாம் அவள் பிடித்து வைத்துக்கொண்டாள். தோளை எப்படித் தூக்குவது, விரலை எப்படிச் சேர்ப்பது, காலை முட்டியிலிருந்து உதறாமல் இடுப்பிலிருந்து உதைப்பது. சலவைக் கூடத்தில் இயந்திரம் அடுத்த விரிப்பைத் துப்புவதற்குள் கையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பாள்.

"யாரை அடிக்கக்கா கையை ஓங்குறீங்க? வீட்டுக்காரரையா?" என்பாள் ரேடியோ.

"தோள்பட்டை வலிடி."

வீட்டுக் குளியலறையில் வாளி நிறையத் தண்ணீர் பிடித்து, மண்டியிட்டு, முகத்தை உள்ளே விட்டு மூச்சை அடக்குவாள். காதுக்குள் தண்ணீர் குபுகுபுவென்று பேசும். நெஞ்சு வெடிக்கிற வரைக்கும் இருப்பாள். நாளுக்கு நாள் நேரம் கூடியது. வெளியே வீட்டுக்காரர் கதவைத் தட்டி, "உள்ள தூங்கிட்டியா? நான் வேலைக்குப் போகணுமா வேணாமா?" என்று கத்துவார். முகமெல்லாம் சொட்டச் சொட்டச் சிரிப்போடு வெளியே வருகிறவளை அவர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போது சின்னவளுக்கு உடம்பு நன்றாகத் தேறிவிட்டது. டாக்டர் தட்டிக் கொடுத்தார். "இனிமே நான் நீச்சலுக்கு வர மாட்டேம்மா. ஸ்கூல்ல பாட்மின்டன் சேர்ந்துட்டேன்," என்றாள் சின்னவள். வீட்டுக்காரர், "அப்பாடா, உனக்கும் அலைச்சல் மிச்சம்," என்றார். மகளின் மூச்சு சீராகிவிட்டதே என்று எந்த அம்மாவாவது துக்கப்படுவாளா? மடிப்பக்கா துக்கப்பட்டாள். அன்று முழுக்க அழுகையை மென்று முழுங்கிக்கொண்டிருந்தாள். தான் எவ்வளவு மோசமான தாய் என்ற பயம் வேறு.

மறுநாள் வேலை முடிந்ததும் கால் தானாகக் குளத்துப் பக்கம் திரும்பியது. பையில் துண்டு இருந்தது. பெஞ்சில் போய் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தாள்.

"எங்கம்மா உங்க பொண்ணு?" என்றாள் விசில் மிஸ்.

"டிரஸ் மாத்துறா."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். வகுப்பு பாதி முடிந்தது. பிள்ளைகள் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் போய்வந்தார்கள். விசில் மிஸ் மறுபடி பக்கத்தில் வந்து நின்றாள்.

"இன்னுமா மாத்துறா?"

மடிப்பக்கா திருதிருவென்று விழித்தாள். விசில் மிஸ் சிரிக்கவில்லை; அதற்காகவே அவளுக்கு ஒரு கும்பிடு போடலாம். தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, யாரிடமோ சொல்வது போல, "ஞாயித்துக்கிழமை காலையில பொம்பளைங்களுக்குன்னு தனி நேரம் இருக்கும்மா. புதுசா கத்துக்கிறவங்களும் வர்றாங்க. தெரிஞ்சவங்க யாராவது இருந்தா சொல்லுங்க," என்றாள்.

"சொல்றேன் மிஸ். ஒருத்தங்க இருக்காங்க," என்றாள் மடிப்பக்கா.

அந்த ஒருத்திக்கு நீச்சல் உடை வேண்டுமே. கடைக்குப் போனாள். முழுக்கையும் முழுக்காலும் வைத்தது தொங்கிக்கொண்டிருந்தது. கடைக்காரப் பெண், "யாருக்கு?" என்றாள். எனக்கு என்று வாய் வரைக்கும் வந்தது. "பொண்ணுக்கு," என்றாள். "என்ன வயசு?" வயதையும் சொல்லித் தொலைத்தாள். கடைக்காரி எடுத்துப் போட்ட உடையைக் கண்ணாலேயே தன் உடம்போடு வைத்து அளந்து பார்த்தாள். "வளர்ற பொண்ணு. கொஞ்சம் பெருசாவே குடுங்களேன்," என்றாள். கடைக்காரி ஒரு அளவு கூட்டிக் கொடுத்தாள். "இன்னும் கொஞ்சம்?" என்றாள் மடிப்பக்கா. "இதுக்கு மேல போனா உங்க பொண்ணு தண்ணிக்குள்ள போகும், டிரஸ் வெளிய நிக்கும்," என்றாள் கடைக்காரி. மகளுக்குத் தொளதொள, தனக்குத் தொடையோடு சரி என்று யாருக்குமே உதவாத ஒரு உடையை வாங்கிக்கொண்டு வீடு வந்து, அலமாரியில் பழைய புடவைக்கு அடியில் ஒளித்து வைத்தாள்.

ஒளித்ததை எடுக்கத்தானே பிள்ளைகள் இருக்கிறார்கள்! சனிக்கிழமை சின்னவள் அதைத் தோளில் வைத்துப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

"அம்மா, நான்தான் நிறுத்திட்டேன்னு சொன்னேன்ல? எனக்கு எதுக்கு இது? பாரு, எனக்கே இவ்ளோ லூசா இருக்கு…"

பாதியில் நிறுத்தினாள். அம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. கைகள் மேஜை விரிப்பின் முனையைப் பிடித்து மடித்து, பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருந்தன. குளத்தில் தான் கரையேறும் போதெல்லாம் அம்மா முகம் ஏன் சுருங்கும் என்று சின்னவளுக்கு அப்போதுதான் பிடிபட்டது.

"அம்மா… உனக்கா?"

"சும்மா பாத்தேன். திருப்பிக் குடுத்துடலாம்."

"உனக்காம்மா?"

"இந்த வயசுல யாராவது பாத்தா சிரிப்பாங்கடி."

சின்னவள் உடையைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போனாள். திரும்பி வந்தபோது பையில் வேறு உடை இருந்தது. "எங்கம்மாவுக்குன்னு கேட்டேன், உடனே எடுத்துக் குடுத்தாங்க," என்றாள். அம்மாவால் கடைசிவரை சொல்ல முடியாத வார்த்தை அவளுக்கு ஒரு வினாடியில் வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை மகளும் கூடவே வந்தாள்; விட்டால் அம்மா வாசலோடு திரும்பிவிடுவாள் என்று அவளுக்குத் தெரியும். புது உடையின் மேல் துண்டை இறுகச் சுற்றிக்கொண்டு மடிப்பக்கா குளத்தின் விளிம்பில் நின்றாள், நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள்.

"துண்டைக் குடும்மா," என்று சின்னவள் கையை நீட்டினாள். "நான் பாத்துக்கிறேன்."

மடிப்பக்கா மகளின் நீட்டிய கையைப் பார்த்தாள். இதை அன்றைக்குக் கரையில் யாராவது ஒருத்தர் சொல்லியிருந்தால்! கண் நிறைந்துவிட்டது. துண்டைக் கொடுத்துவிட்டுப் படியில் இறங்கினாள்.

தண்ணீர் ஜில்லென்று இடுப்பைப் பிடித்தது, நெஞ்சைப் பிடித்தது. உடம்பின் கனத்தை யாரோ வாங்கி வைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. முகத்தை உள்ளே விட்டு, காலை உதைத்து, கையை வீசினாள். ஒரு கை, மறு கை. பெஞ்சில் பார்த்தது அத்தனையும் கைக்கு வந்தது. "அட!" என்று விசில் மிஸ் வாய்விட்டுச் சொன்னாள். முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி, வாய் திறந்து மூச்சை வாங்கினாள். மூச்சு உள்ளே போகவில்லை. தண்ணீர்தான் போனது. மூக்கெல்லாம் எரிய, இருமிக்கொண்டு எழுந்து நின்றாள். மறுபடி முயன்றாள். மறுபடியும் அதே கதை.

"கையெல்லாம் அழகா வருதே, எங்க கத்துக்கிட்டீங்க?" என்றாள் விசில் மிஸ்.

"இந்தப் பெஞ்சுலதான்."

"அதான் பாத்தேன். அங்கருந்து பாத்தா மூச்சை வாங்குறது மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். விடுறது தண்ணிக்குள்ள நடக்கும். நீங்க வாங்குனதை விடவே இல்லைம்மா. உள்ள இடம் இருந்தாத்தானே புதுசு போகும்?"

வாளிக்குள் தலையை விட்டு அடக்கி அடக்கிப் பழகியதெல்லாம் தப்பான பாடம்! பெஞ்சில் சின்னவள் துண்டை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தே நின்றுவிட்டாள். "உள்ளயே விடும்மா! பயப்படாம விடு!" என்று அவள் போட்ட கூச்சலில் குளமே திரும்பிப் பார்த்தது.

முகத்தை உள்ளே விட்டாள். மூச்சை விட்டாள். குமிழ்கள் கன்னத்தை உரசிக்கொண்டு மேலே போயின. முகத்தைத் திருப்பினாள், காற்று தானாக வந்து நிறைந்தது. கை, கை, மூச்சு. தடுமாறி, கோணலாகப் போய், பக்கத்து வரிசைக்காரியின் காலில் இடித்து மன்னிப்புக் கேட்டு, எப்படியோ அந்த முனையைத் தொட்டாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கும்போது எதிரே அந்தப் பெஞ்ச் தெரிந்தது. இவ்வளவு பக்கத்திலா இருந்தது? எத்தனை சாயங்காலம் அங்கே சும்மா உட்கார்ந்திருந்தோம் என்று நினைத்ததும் துக்கம் பொங்கியது. கொஞ்ச நேரம் அழுதாள். எல்லோருக்கும் ஈர முகம்தான், யாருக்கும் தெரியவில்லை.

விசில் ஊதியது. ஒவ்வொருத்தியாகக் கரையேறினார்கள். மடிப்பக்கா இரண்டு கையாலும் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, நேரமாச்சு, வா," என்று துண்டை விரித்துப் பிடித்தாள் மகள்.

"மிஸ்," என்றாள் மடிப்பக்கா. குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "எனக்கு இன்னும் கொஞ்ச நேரம் வேணும் மிஸ்."

பதிலுக்குக் காத்திருக்காமல் முகத்தைத் தண்ணீருக்குள் விட்டாள்.