மணிக் கம்பியில் கை வைத்திருந்த அண்ணன்

இதைப் படிக்கும் உறவினர்களும் நண்பர்களும் முதலில் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரைதான் படித்தேன். என் கையெழுத்து கோணலாக இருக்கும், எழுத்துப் பிழையும் நிறைய வரும். அச்சுக்கூடத்தார் திருத்திப் போடுவதாகச் சொன்னதால்தான் துணிந்தேன். அண்ணன் இறந்த முப்பதாம் நாள் பூசைக்கே எழுதித் தரும்படி அண்ணி கேட்டார். அப்போது முடியவில்லை. இப்போது வருடப் பூசை வந்துவிட்டது.

நான் நாலு பேர் முன்னால் பேசுகிறவன் அல்ல. இருந்தாலும் ஒரு விஷயத்தை நான் சொல்லாவிட்டால் சொல்ல வேறு ஆள் இல்லை. அண்ணன் லாஞ்சு இஞ்சின் வேலையை ஏன் விட்டார் என்று இன்னும் பலர் கேட்கிறார்கள். லாஞ்சு முதலாளியான தவுக்கே நீக்கிவிட்டார் என்று சிலர் நினைக்கிறார்கள். குடித்துவிட்டு வேலைக்குப் போனார் என்றும் ஒரு பேச்சு உண்டு. அன்றைக்கு நான் அங்கே இருந்தேன். அதனால் எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது நிபோங் திபால் பக்கம் ஒரு கரும்புத் தோட்டத்தில். எங்கள் ஐயா அங்கே வண்டி ஓட்டினார். கரும்பாலையில் பெரிய நீராவி இஞ்சின் ஒன்று இருந்தது. இளவயதிலேயே அண்ணன் அதற்கு விறகு தள்ளும் வேலைக்குப் போய்விட்டார். ஐயா காலமானபோது நான் மிகவும் சிறியவன். என்னையும் அம்மாவையும் அழைத்துக்கொண்டு அண்ணன் பினாங்குக்கு வந்தார். துறைமுகத்தில் தொங்கான்களை இழுக்கும் லாஞ்சு ஒன்றில் கரி அள்ளிப் போடும் ஆளாகச் சேர்ந்தார்.

தொங்கான் என்பது சரக்கு ஏற்றும் பெரிய மரப்படகு. அதற்கு இஞ்சின் கிடையாது. ரயிலில் அக்கரையில் உள்ள பிறைத் துறைக்கு வரும் ரப்பரையும் ஈயத்தையும் அதில் ஏற்றுவார்கள். கடல் நடுவே நிற்கும் கப்பலுக்கு அதை லாஞ்சு கயிறு கட்டி இழுத்துப் போகும். அண்ணன் பல வருடம் கரி அள்ளி, பிறகு அந்த லாஞ்சிலேயே இஞ்சின் டிரைவர் ஆனார். நான் வளர்ந்ததும் தொங்கானில் கயிறு பிடிக்கும் வேலைக்கு என்னைச் சேர்த்துவிட்டார். அண்ணன் முன்னால் இழுக்க, நான் பின்னால் போவேன். எங்கள் வாழ்க்கை முழுவதும் அப்படித்தான் இருந்தது.

நீராவி இஞ்சின் இருந்த காலத்தில் கீழே போய் அண்ணனோடு பேசிக்கொண்டிருக்கலாம். அது மூச்சு விடுவதுபோல் ஓடும். பிறகு தவுக்கே நீராவியைக் கழற்றிவிட்டு டீசல் எண்ணெயில் ஓடும் இஞ்சினைப் போட்டார். கரி அள்ளுகிறவர்களுக்கு வேலை இல்லாமல் போயிற்று. அண்ணன் மட்டும் கீழே தனியாக நின்றார்.

அந்த அறையைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். இரும்பு ஏணியில் பின்புறமாகத்தான் இறங்க வேண்டும். நடுவில் இஞ்சின். அதற்கும் சுவருக்கும் இடையே ஆள் பக்கவாட்டில்தான் போக முடியும். வட்டக் கண்ணாடி இரண்டு உண்டு. எண்ணெய்ப் புகை படிந்து அவற்றில் வெளிச்சம்கூட ஒழுங்காக வராது. கடல் எந்தப் பக்கம், கரை எந்தப் பக்கம் என்று கீழே இருப்பவருக்குத் தெரியாது. சத்தமோ, தகரக் கூரையை நெஞ்சுக்குள் வைத்து அடிப்பது போலிருக்கும். நான் இறங்கினால் கொஞ்ச நேரத்தில் ஏறிவிடுவேன். அண்ணன் விடிந்தது முதல் பொழுது சாயும் வரை அங்கேயே நிற்பார்.

மேலே சுக்கான் பிடிப்பவர் செராங். எங்கள் செராங் நாகூர்க்காரர், முஸ்லிம். எல்லோரும் அவரை பாய் என்றே கூப்பிடுவோம். அவர் மேலே ஒரு பிடியை இழுத்தால் கம்பி வழியாகக் கீழே மணி அடிக்கும். ஒரு அடி என்றால் முன்னே போக வேண்டும், இரண்டு என்றால் நிறுத்த வேண்டும், மூன்று என்றால் பின்னே போக வேண்டும். வேலை முடிந்து லாஞ்சைக் கரையில் கட்டியதும் விடாமல் நீளமாக அடிப்பார். மேலே வரலாம் என்று அர்த்தம். ஒவ்வொரு மணிக்கும் கீழேயிருந்து அண்ணன் இன்னொரு கம்பியை இழுத்துப் பதில் மணி கொடுப்பார். கீழே இருப்பவருக்குக் கண் என்பது அந்த மணிதான். நிறுத்து என்ற மணிக்கு இஞ்சின் நிற்காவிட்டால் இழுவைக் கயிறு விறைத்து அறுந்துபோகும். அறுந்த கயிறு திரும்பி அடித்தால் பக்கத்தில் நிற்பவனின் கால் போய்விடும், உயிரும் போகலாம்.

டீசல் இஞ்சின் வந்து சில வருடங்களில் அண்ணனிடம் சில மாற்றங்கள் தெரிந்தன. எங்களுக்கு அவை புரியவில்லை. இஞ்சின் உள்ளே தேய்கிறதா என்று பார்க்க நீளமான திருப்புளியின் ஒரு முனையை இஞ்சினில் வைத்து, மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பார்கள். அண்ணனும் அப்படித்தான் செய்வார். பிறகு அதன் பிடியைப் பல்லால் கடித்துக்கொண்டு நிற்கத் தொடங்கினார். எப்போதும் இடது கையைச் சுவரில் ஓடும் மணிக் கம்பியின்மேல் வைத்திருப்பார். லாஞ்சின் ஆட்டத்துக்குப் பிடித்துக்கொள்கிறார் என்று நான் நினைத்தேன். தெருவில் யாராவது கூப்பிட்டால் திரும்பாமல் போய்விடுவார். டிரைவருக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்று பேசினார்கள். வீட்டிலும் அண்ணி கிண்டல் செய்வார்.

“ஒங்கண்ணனுக்குக் காது இல்ல, ஒனக்கு வாயில்ல. இந்த வீட்டுல சண்ட போடக்கூட எனக்கு ஆளில்ல தம்பி” என்பார். விளையாட்டாகத்தான் சொன்னார். அது உண்மை என்று அவருக்கும் அப்போது தெரியாது.

ஒரு வருடம் லாஞ்சைப் பழுது பார்க்கக் கரையேற்றினார்கள். அடிப்பலகை சுரண்டி, வண்ணம் பூசி, இஞ்சின் அறையையும் துப்புரவு செய்தார்கள். மணிக் கம்பி எண்ணெயும் அழுக்கும் பட்டு அடிக்கடி சிக்குகிறது என்று பட்டறைக்காரர்கள் அதை ஒரு இரும்புக் குழாய்க்குள் விட்டுச் சுவரோடு பொருத்தினார்கள். நல்ல வேலைதான். அவர்கள்மேல் குற்றம் இல்லை.

லாஞ்சு மறுபடி தண்ணீரில் இறங்கி வேலைக்கு வந்த முதல் காலை. பிறைத் துறையில் ஈயம் ஏற்றிய தொங்கானின் முன்னால் நான் கயிற்றோடு நின்றேன். புறப்படும் முன் செராங் ஒரு மணி அடிப்பதும் அண்ணன் பதில் மணி கொடுப்பதும் தினசரி வழக்கம். பாய் இழுத்தார். மணிச் சத்தம் தொங்கானில் இருந்த எனக்கே கேட்டது. பதில் வரவில்லை. மறுபடி இழுத்தார். பதில் இல்லை. பாய் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

கொஞ்ச நேரம் கழித்து அண்ணன் ஏணியில் ஏறித் தலையை நீட்டினார். கையில் எண்ணெய்த் துணி.

“பாய், மணி அடிச்சீங்களா?”

“இல்லண்ணே. இன்னும் அடிக்கல லா” என்று தலையாட்டினார் பாய். அவர் கை அப்போதும் பிடியில்தான் இருந்தது.

அண்ணன் என்னைப் பார்த்தார். என் முகத்தில் எதையும் மறைக்க எனக்குத் தெரியாது.

“அடிச்சிருக்கீங்க. தம்பி மூஞ்சி சொல்லுது” என்றார்.

பாய் சுக்கானை விட்டு இறங்கி வந்து, அண்ணனின் முகத்துக்கு நேராகக் குனிந்து உரக்கப் பேசினார். “அதுக்கு என்னலா இப்ப? குழாயைக் கழட்டிப் போட்டா தீந்துச்சு. நான் என்ன சும்மாவா இழுத்தேன் இத்தன நாளும்? ஒங்க கைக்குத் தெரியணும்னு சுண்டிச் சுண்டித்தானே இழுத்தேன்!”

“ஒங்களுக்குத் தெரியுமா?”

“ஒரு மனுசன் திருப்புளியைக் கடிச்சுத் தின்னுக்கிட்டு இஞ்சினக் கேக்குறான். எனக்குத் தெரியாதா?”

அண்ணன் சிரித்துவிட்டார். தொங்கான் ஆட்களும் சிரித்தார்கள். பிறகு அவர் அப்படியே ஏணி வாயில் உட்கார்ந்தார். உட்கார்ந்து எண்ணெய்த் துணியால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். அவர் மெதுவாகத்தான் பேசினார். தன் குரல் எவ்வளவு ஒலிக்கிறது என்று அவருக்குத் தெரியாததால் எல்லோருக்கும் கேட்டது.

“இல்ல பாய். குழாய் வந்தது நல்லதாப் போச்சு. கம்பியில கை வைக்க மறக்குற நாளு ஒண்ணு வரத்தான் செய்யும். எங்கயாச்சும் எண்ணெ ஒழுகும், நான் அந்தப் பக்கம் குனிஞ்சிருப்பேன். நீங்க நிறுத்துன்னு இழுப்பீங்க. பின்னால கயித்துல என் தம்பி நிக்கிறான்.”

“இந்தக் காலத்துல வேலைய விட்டா அடுப்பு எப்படிண்ணே எரியும்? வேலையில்லாம ஊருக்குக் கப்பல் ஏறிக்கிட்டு இருக்குதுங்க சனங்க!”

“அடுப்பு இன்னைக்கு எரியலன்னா நாளைக்கு எரியும் பாய்.”

அன்று லாஞ்சு புறப்படவில்லை. அண்ணன் தானே தவுக்கேயிடம் போய், தனக்குக் காது கேட்கவில்லை என்று சொன்னார். துணைக்குப் பாயும் போனார். தவுக்கே கோபப்பட்டார். வேறு டிரைவர் வரும்வரை சரக்கு நிற்கும் அல்லவா? ஆனால் நீக்கவில்லை. விட்டது அண்ணன்தான். சில மாதம் கழித்துத் தவுக்கேயே கூப்பிட்டு, பட்டறையில் இஞ்சின் சாமான்களை மண்ணெண்ணெயில் கழுவும் வேலை கொடுத்தார். குடியோ திமிரோ எதுவும் இதில் இல்லை.

அண்ணன் தெரிந்துகொண்டே சில காலம் அப்படி ஓட்டினாரே, அது சரியா என்று என்னிடம் ஒருவர் கேட்டார். நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். அந்த நாட்களில் அண்ணன் சாப்பாட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்திருப்பார். தினமும் காலையில் இஞ்சின் அறைக்கு இறங்கும் முன் நான் எந்தத் தொங்கானில் நிற்கிறேன் என்று பார்த்துவிட்டுத்தான் இறங்குவார். பயம் அவரோடுதான் கீழே இறங்கியிருக்கிறது. அதை யாரிடம் சொல்வார்?

பிறகு கஷ்டம் வந்தது. பட்டணத்து வீட்டை விட்டு ஆயர் ஈத்தாமுக்குக் குடிபோனார்கள். அண்ணி சந்தையில் அப்பம் சுட்டு விற்றார். தங்கள் இரண்டு பெண்பிள்ளைகளையும் அதில்தான் கரையேற்றினார்கள். புக்கிட் மெர்தாஜாம் கோவில் திருவிழாவுக்கு மட்டும் அண்ணன் ஒரு வருடமும் தவறியதில்லை. பிரசங்கம்தான் காதில் விழாதே, ஏன் இவ்வளவு தூரம் என்று அண்ணி கேட்டால், தேருக்குப் பின்னால் நடக்கக் காது எதற்கு என்பார்.

போன வருடம் நெஞ்சுச் சளி முற்றிப் படுத்துவிட்டார். சுவாமியார் வந்து கடைசி எண்ணெய் பூசி அவஸ்தைப்பூசுதல் கொடுத்தார். மறுநாள் காலை பாய் வந்தார். நாங்கள் பேசியது எதுவும் அண்ணனுக்கு எட்டவில்லை. கண்ணும் திறக்கவில்லை. பாய் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அண்ணனின் இடது கையை எடுத்து, விரல்களைப் பிடித்து விடாமல் நீளமாக இழுத்தார். லாஞ்சு கட்டியாயிற்று, மேலே வரலாம் என்று சொல்லும் மணி அது. பிறகு அண்ணனின் விரல் பாயின் கையை ஒருமுறை இழுத்தது. அதுதான் அவர் கொடுத்த கடைசிப் பதில். அன்று மத்தியானம் சர்வேசுரன் அவரை அழைத்துக்கொண்டார்.

அடக்கத்துக்கு வந்தவர்களுக்கும், பெட்டியைத் தூக்கியவர்களுக்கும், பாடின கோவில் பிள்ளைகளுக்கும், அந்த வாரம் முழுவதும் எங்களுக்குச் சோறு கொடுத்தனுப்பிய பக்கத்து வீட்டுச் சீனத்து அம்மாவுக்கும், பட்டறைக்காரர்களுக்கும், தவுக்கேக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பாய்க்கு நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வார். ஆகவே அவர் பெயரை எழுதாமல் விடுகிறேன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நீங்கள் எப்போதாவது தெருவில் அண்ணனைக் கூப்பிட்டு, அவர் திரும்பிப் பார்க்காமல் போயிருந்தால், தயவுசெய்து அதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் கூப்பிட்டது அவருக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நின்றிருப்பார்.

ஆயர் ஈத்தாம், பினாங்கு.
1938 ஆகஸ்ட் 14, ஞாயிற்றுக்கிழமை.