‘பிடு’ என்றால் விடு

முந்நூறு கெஜத்தில் இலக்கு அட்டை தபால்தலை அளவுக்குத்தான் தெரியும். மைசூருக்கு வெளியே இருந்த சுடுதளத்தில் முதல் வாரம் நாங்கள் சுட்டதெல்லாம் மண்மேட்டுக்குத்தான் போனது. தொண்ணூறுகளின் தொடக்கம். நாங்கள் புதிதாக வேலைக்கு எடுக்கப்பட்ட கான்ஸ்டபிள்கள். கடைசித் தேர்வில் பத்துக்கு ஐந்து குண்டாவது அட்டையில் விழாவிட்டால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

எனக்குப் பக்கத்தில் படுத்துச் சுட்டவன் கோபிநத்தம் பக்கத்துக்காரன். வீட்டில் தமிழ். கன்னடம் பள்ளிக்கூடத்தில் படித்தது, அவ்வளவுதான். பதறினால் காது தமிழுக்குப் போய்விடும். பயிற்சியாளர் பின்னால் நின்று “உசிரு பிடு! உசிரு பிடு!” என்று கத்துவார். மூச்சை விடு என்று பொருள். பாதி மூச்சை விட்டு, உடம்பு அடங்கும் நொடியில் விசையை மெல்ல அழுத்த வேண்டும். இவன் காதில் அது ‘பிடி’ என்று விழுந்தது. முகம் கறுக்க மூச்சைப் பிடிப்பான், கை நடுங்கும், விசையை வெடுக்கென்று இழுப்பான். அவர் கத்தக் கத்த இன்னும் இறுக்குவான். எனக்கு விஷயம் புரிந்தும் மூன்று நாள் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு அற்பப் புத்தி.

நாலாம் நாள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் அவன் அழுதான். அப்புறம்தான் சொன்னேன்.

“பிடுன்னா விடுறா, மடையா. பிடிக்கிறதுக்கு ஹிடின்னு சொல்வாங்க.”

“அட கெரகமே! படிச்சதுதான், அந்தச் சத்தத்துல ஒண்ணும் ஏறுல. வேல போச்சுன்னா எங்கம்மா மறுக்கா கல்லு ஒடைக்கப் போவோணும்டா.”

அன்றிலிருந்து அவன் குண்டுகள் சாப்பாட்டுத் தட்டின் அகலத்துக்குள் விழுந்தன.

தேர்வுக்கு முந்தைய நாள் அலுவலகத்தில் இருந்த தெரிந்தவர் ஒருவர் என் காதில் போட்டார்: நன்றாகச் சுடுகிற, தமிழ் தெரிந்த ஆட்களைச் சந்தனக் கடத்தல் கும்பலைப் பிடிக்கும் காட்டுத் தேடுதலுக்கு எடுக்கப் போகிறார்கள். காட்டுக்குப் போனவர்களில் சிலர் பெட்டியில் திரும்பிய காலம் அது. எனக்குச் சாகப் பயம். மறுநாள் தேறுவதற்கு வேண்டிய ஐந்தை அட்டையில் போட்டுவிட்டு, மீதி ஐந்தை வேண்டுமென்றே மண்ணில் இறக்கினேன். அவனிடம் மூச்சுவிடவில்லை. சொன்னால் அவனும் தவறவிடுவான், அப்புறம் ஆள் போதாமல் என்னை இழுத்துவிடுவார்கள் என்று கணக்குப் போட்டேன். அவன் பத்துக்குப் பத்து எடுத்தான். என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தான்.

அவனைக் காட்டுக்கு எடுத்துக்கொண்டார்கள். அங்கே போன ஏழாம் மாதம் அவன் உடல் ஊருக்குப் போனது. நானும் அதே வண்டியில் போனேன். எல்லாம் முடிந்து கிளம்பும்போது அவன் அம்மா வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு.

“கண்ணு, வேலய உட்டுத் தொரத்திருவாங்கன்னு இருந்தப்ப நீதான் அவனுக்குச் சொல்லிக் குடுத்தியாமா. ஊருக்கு வரப்பெல்லாம் உன்ற பேச்சுத்தான். நீ நல்லா இருக்கோணும், சாமி.”

அந்த இடத்திலாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். “சரிங்கம்மா” என்றேன்.