அமாவாசையில் காட்டும் வீடு

எதிர்வீட்டு ஆச்சி தன் வாடகை வீட்டை அமாவாசையன்று மட்டும்தான் காட்டுவார். அன்று எங்கள் தெரு அரிசி ஆலைக்கு விடுமுறை. நெல் ஊறிய தண்ணீரின் நாற்றமோ, உமிப்புகையோ இருக்காது.

அப்படிப் பார்த்துவிட்டுப் போன கந்தர்வக்கோட்டைப் பெண் இன்று காலை மூச்சிழுப்பு நோயுள்ள மகனோடு குடிவர வந்தாள். ஆலை ஓடிக்கொண்டிருந்தது.

"என்னங்க இப்புடி நாறுது?"

"எங்க வீட்டுல சோறு வேகுது ஆத்தா" என்றார் ஆச்சி.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஆலைங்க. தினமும் இப்படித்தான். பிள்ளைக்கு ஆகாது" என்றேன்.

"டீச்சரம்மாவுக்குக் காலேசுல படிச்ச மூக்கு. எல்லாமே நாறும்" என்றார் ஆச்சி.

அந்தப் பெண் என்னிடம், "ஆலையில வேலை குடுப்பாங்களா? குருணை கிடைக்குமா?" என்றாள்.

கிடைக்கும் என்றேன்.

"அப்ப இங்கிட்டே இருந்துக்கிறோங்க. இந்த யுத்தத்துல கப்பல் அரிசி நின்னுபோயி, எங்க ஊருல அரிசியே கண்ணுல படல. பசிச்சாலும் இவனுக்கு இழுக்கத்தாங்க செய்யுது."

உள்ளே போகும்போதே பையன் இருமினான்.

ஆச்சி பொய் சொல்லியும் வாடகைக்கு விட முடியாத வீட்டில், நான் உண்மையைச் சொல்லி ஆள் குடிவைத்திருக்கிறேன். வேறென்ன சொல்லியிருக்கலாம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.