இரண்டு கார் வீட்டு ராஜலக்ஷ்மி

மைசூர் தேவராஜ மொஹல்லாவில் ராஜலக்ஷ்மியைத் தெரியாதவர்கள் உண்டு. அவள் வீட்டுக் கார்களைத் தெரியாதவர்கள் கிடையாது. சாம்பல் நிற போர்ஷே ஒன்று, தந்த நிற பென்ஸ் ஒன்று. இரண்டும் ஜெர்மன்காரன் செய்தவை, இரண்டும் பறக்கிற ஜாதி. அறுபத்தாறாம் வருஷம் அது. ஒரு சாதாரண ஃபியட்டுக்குப் பெயர் கொடுத்துவிட்டு ஜனங்கள் வருஷக்கணக்கில் காத்துக் கிடந்த காலம். அந்தக் காலத்தில் ஒரே கொட்டகையில் இப்படி இரண்டு வண்டிகள் நின்றால் ஊர் வாயைப் பிளக்காமல் என்ன செய்யும்? அந்த வீட்டு எஜமானி மட்டும் காரில் போகவும் முடியாமல், கார் இல்லாமல் போகவும் முடியாமல் ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தாள்.

அவள் கணவர் நாராயணஸ்வாமி பாலமும் மதகும் கட்டுகிற கான்ட்ராக்டர். கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. குடி இல்லை, சீட்டு இல்லை, வெற்றிலைகூடக் கிடையாது. இவற்றில் ஏதாவது ஒன்று இருந்திருந்தால் ராஜலக்ஷ்மி பிறந்தகத்தில் போய்ப் புலம்பவாவது வழி இருந்திருக்கும். "என் அகத்துக்காரர் கார் வச்சிருக்கார்" என்று எப்படிப் புலம்புவது? மில்லுக்கு இயந்திரம் பூட்ட வந்த ஒரு ஜெர்மன் எஞ்சினியர் ஊருக்குத் திரும்பும்போது போர்ஷேயை இவரிடம் விட்டுப்போனார். பென்ஸ் சிக்மகளூர்க் காப்பித் தோட்டக்காரர் ஒருவரிடமிருந்து வந்தது. பென்ஸில் இருவர்தான் உட்காரலாம். போர்ஷேயில் பின் சீட் என்ற பெயரில் ஒரு பலகை உண்டு. அதிலும் உதிரி பாகப் பெட்டியை வைத்துக் கட்டியிருந்தார். இனி கிடைக்காத சாமான்களாம், ஆளை உட்கார வைக்கிற இடமில்லையாம்.

டிரைவர் இருந்தான். மார்டள்ளிக்காரன் பழனி, தங்கமான பையன். ஆனால் இரண்டு பேர் உட்காருகிற வண்டியில் டிரைவருக்குப் பக்கத்தில் எஜமானி தோள் இடிக்க உட்கார்ந்து சயாஜிராவ் ரோட்டில் போவதாவது! அதனால் பழனி பாட்டரி செத்துப்போகாமல் இருக்க வாரம் ஒருமுறை இரண்டு வண்டிகளையும் சாமுண்டி மலை அடிவாரம் வரை ஓட்டிக்கொண்டு போய் வருவான். காலி சீட் ஜோராக ஊர் சுற்றிவிட்டு வரும். அவள் வாசலில் நின்று பார்ப்பாள்.

சரி, ஜட்காவில் போகலாமே? ஒருமுறை கேட்டாள்.

"ரெண்டு கார் நிக்கற ஆத்துலேர்ந்து நீ ஜட்கால போனா ஊர் என்ன சொல்லும்?" என்றார் நாராயணஸ்வாமி. "நாராயணஸ்வாமி முழுகிட்டான்னு சொல்லும். நாளைக்கு எவன் டெண்டர் தருவான்?"

பஸ் அதைவிட மோசம். டாக்ஸி என்றால் அவருக்கு மானமே போய்விடும். ஆக, கார் வராத காலத்தில் மார்க்கெட்டுக்கும் கோயிலுக்கும் அக்கா வீட்டுக்கும் தன் பாட்டுக்குப் போய் வந்தவள், கார் வந்ததிலிருந்து வீட்டோடு. அவர் ஓய்வாக இருந்து, அழைத்துப்போனால் உண்டு. அவருக்கு ஓய்வு ஞாயிற்றுக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை பாச்சுவுக்கு.

பாச்சு அவருக்குச் சித்தப்பா பிள்ளை. ரயில்வே ஆபீஸில் வேலை. இரண்டில் எதை வைத்துக்கொள்வது, எதை விற்பது என்று தீர்மானிக்கத்தான் அவன் வாராவாரம் வந்தான். இரண்டையும் கட்டி மேய்க்க முடியாது என்பது நாராயணஸ்வாமிக்கே தெரியும். "ஒண்ணை வித்ததும் உனக்கு ஒரு ஃபியட். பின்னாடி நீட்டமா சீட். பழனி ஓட்டுவான், நீ ராணி மாதிரி போ" என்று வாக்குக் கொடுத்திருந்தார். அந்த வாக்குக்கு நாலு வயசாகிவிட்டது.

"ஓட்டறதுக்கு போர்ஷேதான்டா," என்பார் அவர். "எஞ்சின் பின்னாடி. ரேடியேட்டரே கிடையாது. மலை மேல ஏத்தி நிறுத்து, கொதிக்கறதா பாரு. ஸ்டீரிங்கைப் பிடிச்சா ரோட்டையே கையால தடவறாப்பல இருக்கு."

"வளைவுல பயந்துபோய் ஆக்ஸிலேட்டர்லேர்ந்து காலை எடுத்தா வண்டியோட வால் முன்னாடி வந்துடறதே, அதைச் சொல்லு," என்பான் பாச்சு. "பென்ஸ் அப்படிப் பழிவாங்காது. மெத்தையில போறாப்பல போகலாம். வச்சுக்கறதுக்கு அதுதான், இல்லையா?"

"மெத்தை வேணும்னா ஆத்துல இல்லையா? பென்ஸோட ரெண்டு கார்புரேட்டரும் ஒரு நாளாவது ஒரே சுருதியில நின்னிருக்கா?"

"போர்ஷேக்கு ஒரு ஒயர் அறுந்தா பம்பாய்க்கு எழுதிட்டு உக்காந்திருக்கணும்."

"பென்ஸுக்கு மட்டும் மண்டி மொஹல்லால கூறு கட்டியா விக்கறா?"

காபி கொண்டுவந்து வைத்து, டம்ளர் எடுத்துப் போய், ராஜலக்ஷ்மிக்கு இதெல்லாம் ஸ்லோகம் மாதிரி மனப்பாடம். ஓட்ட ஒன்று, வைத்துக்கொள்ள ஒன்று. இரண்டும் இவருக்கு வேண்டும், அதனால் தீர்ப்பு வரவே வராது என்பதும் அவளுக்குத் தெரியும். ஆனால் அதைச் சொன்னால் ஃபியட்டும் போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

அந்த வருஷம் தை மாசம் அவள் அக்கா நாகலக்ஷ்மி பிலாய்க்குக் கிளம்பினாள். ஸ்ரீரங்கபட்டணத்துக் கோட்டைக்குள்ளே, பெரிய கோயிலுக்குப் பக்கத்துச் சந்தில் தனியாக இருந்தவள். புருஷன் போய்விட்டார். பிள்ளைக்கு பிலாய் இரும்பாலையில் வேலை. வீட்டைக் காலி செய்து அம்மாவைக் கையோடு கூட்டிப்போக வந்திருந்தான். திங்கட்கிழமை காலை ரயில். அங்கே போனவள் திரும்பி வருவாள் என்று யாரும் நம்பவில்லை. இவளை எடுத்து வளர்த்தவள் அந்த அக்காதான். மைசூரிலிருந்து பத்தே மைல். இரண்டு கார் வந்தபின் அந்தப் பத்து மைலை ராஜலக்ஷ்மி எத்தனை முறை தாண்டினாள் என்றால் ஒரு கை விரல் போதும்.

"ஞாயித்துக்கிழமை என்னை அங்க கொண்டு விடுங்கோ" என்றாள்.

"இந்த ஞாயிறா? ஐயையோ, அன்னிக்குத்தான் கடைசி டெஸ்ட். மண்டியா வரைக்கும் ரெண்டு வண்டியும் சேர்ந்து போறது. பெட்ரோலைக் கழுத்து வரைக்கும் நிரப்பி, அங்க போய் அளந்து, வண்டி மாத்திண்டு திரும்பறது. அன்னியோட முடிவு."

"மண்டியா ரோடு ஸ்ரீரங்கபட்டணம் வழியாத்தானே போறது? உங்க பக்கத்து சீட் காலிதானே?"

நாராயணஸ்வாமி யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். பிறகு வருத்தத்தோடு சொன்னார்: "ஒரு வண்டியில மட்டும் எடை கூடிடுமே, ராஜம். கணக்கு சரியா வராது."

பாச்சுதான் வழி சொன்னான். "மன்னி எடைக்கு எடை இன்னொரு வண்டியில வச்சுட்டா ஆய்த்து!"

கொட்டகையில் கம்பி நிறுக்கிற மேடைத் தராசு இருந்தது. ராஜலக்ஷ்மி அதன் மேல் ஏறி நின்றாள். பழனி மரியாதையாகச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். ஒரு சிமெண்ட் மூட்டைக்குக் கொஞ்சம் குறைந்தாள். அக்காவுக்காகப் போட்ட நாரத்தங்காய் ஊறுகாய் ஜாடியையும் கையில் வாங்கிக்கொண்டதும் முள் சரியாக நின்றது. "பர்ஃபெக்ட்!" என்று கணவர் கைதட்டினார். கல்யாணமானதிலிருந்து அவர் அவளைப் பார்த்துக் கைதட்டியது அதுதான் முதல் தடவை. அவளுக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, அறைக்குள் போனதும் அழுகை வந்தது. எப்படியோ போகிறோமே என்று முகத்தைக் கழுவிக்கொண்டாள். ஞாயிறு காலை ரோட்டோரம் வந்து நிற்கும்படி பழனி மூலம் அக்காவுக்குச் சொல்லியனுப்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை முன்னால் போர்ஷே. அதில் நாராயணஸ்வாமியும், மடியில் ஜாடியோடு ராஜலக்ஷ்மியும். பின்னால் பென்ஸ். அதில் பாச்சுவும் சிமெண்ட் மூட்டையும். ஊர் எல்லை தாண்டியதும் வண்டி சீறிக்கொண்டு கிளம்பியது. கரும்பு வயல்கள் பச்சைக் கோடாக ஓடின. பொய் சொல்லக் கூடாது, ஒரு நிமிஷம் அவளுக்கும் அது பிடித்திருந்தது. இந்த மனுஷர் எதற்காக இப்படிப் பித்தாக அலைகிறார் என்று கொஞ்சம் புரிந்தது. காவேரிப் பாலம் வந்தது. கோட்டை வந்தது. சந்து முனையில் அக்கா, பழுப்புப் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, வெயிலில் கையை நெற்றிக்கு வைத்து நின்றிருந்தாள்.

"அதோ அக்கா! நிறுத்துங்கோ!"

"இப்போ நிறுத்தினா போச்சு. பாச்சு பின்னாலயே வரான். திரும்பறச்சே இறக்கி விடறேன்."

அக்கா கையைத் தூக்கினாள். தூக்கிய கையைக் கீழே இறக்குவதற்குள் வண்டி தாண்டிவிட்டது. ராஜலக்ஷ்மி திரும்பிப் பார்த்தாள். பின் கண்ணாடியை உதிரி பாகப் பெட்டி மறைத்துக்கொண்டிருந்தது. மண்டியா வரும்வரை கணவர் பேசிக்கொண்டே வந்தார்.

மண்டியா பெட்ரோல் பங்க்கில் அளந்தார்கள், குறித்தார்கள், சண்டை போட்டார்கள். பிறகு வண்டி மாற்றம். பாச்சு மூட்டையைத் தோளில் தூக்கி போர்ஷே பக்கம் தள்ளாடிக்கொண்டு வந்தான். சட்டையெல்லாம் சிமெண்ட்.

"நீ பென்ஸ்ல உக்காரு, ராஜம்."

"ஸ்ரீரங்கபட்டணத்துல நிறுத்துவேளோல்லியோ?"

நாராயணஸ்வாமி தலையைச் சொறிந்தார். "போறச்சே நிறுத்தாம வந்தோம். வரச்சே நிறுத்தினா எப்படி ஒப்பிடறது? ஆத்துக்குப் போய்ட்டு, வேற ஏதாவது ஏற்பாடு..."

"அக்கா நாளைக்குக் காலைல போறா."

"அதான் பார்த்தியே, நன்னாத்தானே நின்னுண்டிருந்தா."

ராஜலக்ஷ்மி ஏறாமல் பென்ஸ் கதவை மூடினாள். ஜெர்மன் கதவு, மெத்தென்று மூடிக்கொண்டது.

"பாச்சு, அந்த மூட்டையையும் இங்கேயே இறக்கிடு," என்றாள். "ரெண்டு வண்டியும் சமமாயிடும். உங்க கணக்குக்கு ஒரு குந்தகமும் வராது."

பாச்சு சொன்னபடி மூட்டையைக் கீழே போட்டுவிட்டான். அவள் ஜாடியை இடுப்பில் வைத்துக்கொண்டு ரோட்டைக் குறுக்கே கடந்தாள். மைசூர் போகிற பஸ் புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. பின்னால் "ராஜம்! ராஜம்! எல்லாரும் பார்க்கறா!" என்று குரல் கேட்டது. பார்க்கத்தான் செய்தார்கள். பங்க் ஆள், டீக்கடைக்காரர், பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும். நாராயணஸ்வாமியோடு வேலை செய்த மேஸ்திரி ஒருவரும் ஜன்னலோரம் இருந்தார். "முந்தே ஹோகி, முந்தே ஹோகி" என்று கண்டக்டர் முன்னால் போகச் சொல்லி உள்ளே தள்ளினார். கரும்புக் கட்டோடு இருந்த ஒரு பெண்பிள்ளை நகர்ந்து இடம் கொடுத்தாள். வீட்டுக்குத் திரும்பினால் என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருந்தது. ஆனாலும் ராஜலக்ஷ்மி இறங்கவில்லை.

ஸ்ரீரங்கபட்டணத்தில் இறங்கி அவள் வீட்டுக்குப் போனபோது அக்கா படுக்கையைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். "பறந்து போனியேடி, பார்த்தேன்" என்றாள். இருவரும் கொஞ்ச நேரம் கட்டிப் பிடித்து அழுதார்கள். பிறகு பாத்திரங்களை வைக்கோலில் பொதிந்து கட்டினார்கள். ஊறுகாய் ஜாடிக்கு மெழுகுத் துணி சுற்றினார்கள். சாயந்திரம் சந்து முனையில் ஹாரன் சத்தம் கேட்டது. விடாமல் கேட்டது. அப்புறம் கார்க் கதவுச் சத்தம், செருப்புச் சத்தம். நாராயணஸ்வாமி உள்ளே வந்து நின்றார். முகம் கோபத்திலும் வெட்கத்திலும் கறுத்திருந்தது.

"கிளம்பு. வாசல்ல வண்டி நிக்கறது."

"நாளைக்கு அக்காவை ரயிலேத்திட்டு வரேன்."

"எதுல வருவே?"

"பஸ்லதான்."

"ஊர் என்ன சொல்லும்னு கொஞ்சமாவது யோசிச்சியா?"

"இன்னிக்கே சொல்லியாச்சு," என்றாள் ராஜலக்ஷ்மி. "இனிமே புதுசா சொல்ல அவாகிட்ட என்ன இருக்கு?"

கட்டி வைத்த படுக்கையின் மேல் அவர் மெல்ல உட்கார்ந்தார். கட்டாமல் விட்டிருந்த பாத்திரத்தில் காபி போட அவள் உள்ளே போனாள்.